‘சரிங்க’ என்ற பதிலோடு போனை வைக்காதீர்கள்: வேலைக்கும் வகுப்புக்கும் கல்யாணத்துக்கும் புதிதாக வந்தவர்களுக்கு

திருப்பூரில், ஆர்டர் கொடுக்கும் பையருக்கும் துணி தயாரிப்பவர்களுக்கும் நடுவில் நிற்கும் மெர்ச்சன்டைசராகச் சேர்ந்து எனக்கு அது ஐந்தாவது மாதம். ஐரோப்பிய பையர் ஒருவரின் போலோ ஆர்டர், நேவி நிறம். டையிங்கில் ஏ, பி, சி, டி என்று நான்கு லேப் டிப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். மொத்தத் துணியைச் சாயத்தில் இறக்குவதற்கு முன்னால் கையகலத் துண்டில் நிறத்தைப் போட்டுக் காட்டுவார்களே, அதுதான் லேப் டிப். பையர் பி-யைத் தேர்ந்தெடுத்தார். அந்தத் துண்டை அட்டையில் ஒட்டி, கையெழுத்துப் போட்டு டையிங்குக்கு அனுப்புவதுதான் முறை. அன்றைக்கு மெஷின் காலியாக இருந்தது, விட்டால் இரண்டு நாள் தள்ளிப் போகும், அட்டை சாயங்காலம் போய்ச் சேர்ந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு டையிங்காரரிடம் போனிலேயே சொன்னேன்: “அண்ணா, நேவிக்கு ஆப்ஷன் பி, ஏத்திடுங்க.” பின்னால் மெஷின் ஓடும் சத்தம். “சரிங்க” என்றார், வைத்துவிட்டேன்.

அவர் காதில் விழுந்தது டி. மறுநாள் காலை 400 கிலோ துணி கொஞ்சம் பச்சை ஓடிய அடர்நேவியாக வந்து நின்றது. அடர் நிறத்தை உரித்து எடுக்கலாம்தான், ஆனால் செலவும் அதிகம், துணியின் பலமும் குறையும். கடைசியில் அதைக் கருப்பாக ஏற்றி வேறு ஆர்டருக்குத் தள்ளிவிட்டார்கள். யார் தப்பு என்று ஒரு வாரம் பேச்சு நடந்தது. அவர் சொன்னது பொய்யில்லை, நான் சொன்னதும் பொய்யில்லை. அந்த ஒரு ‘சரிங்க’ இருக்கிறதே, அது எதற்குச் சொல்லப்பட்ட சரி என்று இருவருமே பார்க்கவில்லை.

அதன்பிறகு பத்து வருடத்துக்கும் மேல் அதே தொழிலில் இருந்து, இப்போது மாலையில் பின்னலாடைப் படிப்பு மாணவர்களுக்கு வகுப்பும் எடுக்கிறேன். கல்யாணமாகி ஒன்பது வருடம் ஆகிறது. மூன்று இடத்திலும் எனக்கு அடிபட்டது ஒரே விஷயத்தில்தான். சொல்லிவிட்டால் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்ததில். புதிதாக வருகிறவர்கள் அதே அடியை வாங்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ‘சரி’ எத்தனை வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

நம் ஊர் ‘சரி’க்குக் குறைந்தது நான்கு பொருள் உண்டு. நீ பேசியது காதில் விழுந்தது என்பது ஒன்று. புரிந்தது என்பது இன்னொன்று. ஒத்துக்கொள்கிறேன் என்பது மூன்றாவது. செய்து முடிக்கிறேன் என்பது நான்காவது. சொல்கிறவர் முதல் பொருளில் சொல்வார், கேட்கிறவர் நான்காவது பொருளில் எடுத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கப் போவார். பெரியவர்களிடம், முதலாளியிடம், வாத்தியாரிடம் சொல்லும் ‘சரிங்க’வில் மரியாதைதான் பெரும்பங்கு. அதில் தகவல் ஒன்றும் இல்லாமலே இருக்கலாம்.

இது நம் ஊரோடு முடிகிற சங்கதியும் இல்லை. 1977 மார்ச் 27, ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரி தீவுகளில் டெனரிஃப் விமான நிலையம், ஓடுபாதையில் மூடுபனி. கேஎல்எம் விமானத்தின் துணை விமானி, நாங்கள் இப்போது டேக்-ஆஃபில் இருக்கிறோம் என்கிற பொருள்படும்படி சொன்னார். புறப்படத் தயாராக நிற்கிறார்கள் என்று கட்டுப்பாட்டாளர் எடுத்துக்கொண்டார். உண்மையில் விமானம் ஓடத் தொடங்கியிருந்தது. கட்டுப்பாட்டாளர் “ஓகே” என்றார். தொடர்ந்து, காத்திருங்கள், நான் அழைக்கிறேன் என்றும் சொன்னார். ஆனால் அதே நொடியில் அதே ஓடுபாதையில் இருந்த பான் ஆம் விமானமும் ரேடியோவில் பேசியதால் இரண்டு பேச்சும் மோதி ஒரு கிரீச் சத்தமாகிவிட்டது. கேஎல்எம் விமானிகளுக்குத் தெளிவாகக் கேட்டது அந்த ஓகே மட்டும்தான். இரண்டு விமானங்களும் மோதி 583 பேர் இறந்தார்கள். பனி, நெரிசல், அவசரம் என்று வேறு காரணங்களும் சேர்ந்துதான் அது நடந்தது. ஆனால் அதற்குப் பிறகு விமானத் துறை பேச்சு முறையையே மாற்றிக்கொண்டது. டேக்-ஆஃப் என்ற சொல்லை அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் தவிர வேறெங்கும் சொல்லக்கூடாது. அனுமதி வந்தால் ஓகே என்று விட்டுவிடக்கூடாது, வந்த அனுமதியை விமானி தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். அது சரியா என்று கட்டுப்பாட்டாளர் கேட்டுப் பார்க்க வேண்டும்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதும் இந்தத் திருப்பிச் சொல்லலைத்தான். யார் யாரிடம் சொல்ல வேண்டும் என்பது மட்டும் இடத்துக்கு இடம் மாறும்.

வேலையில்: கேட்டவர் திருப்பிச் சொல்லட்டும்

வேலையை ஒப்படைத்த பிறகு ஒரு வரி கூடுதலாகக் கேளுங்கள். ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டால் பிரயோஜனமில்லை, அதற்கு வரும் பதிலும் ஒரு சரிதான். இருபத்தைந்து வருடம் கத்தரி பிடித்த கட்டிங் மாஸ்டரிடம், நேற்று வந்த நீங்கள் போய், நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள் என்றால் அவர் முகம் எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியும். அதனால் பாரத்தை உங்கள் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். “மாஸ்டர், நான் ஏதாவது விட்டுட்டேனான்னு பார்க்கணும், எப்படி வெட்டப் போறீங்கன்னு ஒருவாட்டி சொல்லுங்களேன்.” இதற்கு இதுவரை யாரும் என்னிடம் கோபப்பட்டதில்லை. அவர்கள் சொல்லும்போது, நாம் யோசிக்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்வார்கள். கழுத்துப் பட்டைக்குப் போடும் ரிப் துணி தனி லாட்டாக வந்திருக்கிறது, நிறம் ஒத்துப் போகுமா பாருங்கள் என்று ஒருமுறை அப்படித்தான் எனக்குத் தெரிய வந்தது.

எழுத்தையும் எண்ணையும் போனில் தனியாகச் சொல்லாதீர்கள். பி, டி, இ எல்லாம் போனில் ஒன்றுபோலத்தான் கேட்கும். ‘பி ஃபார் பாம்பே’ என்று நம் பழைய ஆட்கள் சொல்வது சும்மா இல்லை. பதினைந்தா ஐம்பதா என்ற குழப்பம் ஆங்கிலத்தில் பேசினால் கட்டாயம் வரும், அதனால் ஒன்று-ஐந்து என்று இலக்கமாகவும் சொல்லிவிடுங்கள். சொன்னது எதுவானாலும் போனை வைத்த கையோடு வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடுங்கள். குரல் செய்தி வேண்டாம், தேடும்போது கிடைக்காது. நீல டிக் விழுந்தால் பார்த்தார் என்றுதான் அர்த்தம், ஏற்றுக்கொண்டார் என்று இல்லை.

அளவு சொன்னால் எங்கிருந்து எங்கே என்று சேர்த்துச் சொல்லுங்கள். டீ-ஷர்ட்டின் நீளம் 70 சென்டிமீட்டர் என்று டெக் பேக்கில், அதாவது பையர் தரும் அளவு விவரத் தாளில், இருக்கிறது. எங்கிருந்து? கழுத்தை ஒட்டிய தோளின் உச்சியிலிருந்தா, பின்கழுத்தின் நடுவிலிருந்தா? இரண்டுக்கும் நடுவே ஓரிரு சென்டிமீட்டர் வித்தியாசம் வரும், இவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்று பல பையர்கள் கொடுக்கும் டாலரன்ஸ் அதிலேயே போய்விடும். மார்பு 52 என்றால் துணியை மேஜையில் விரித்து அளந்த பாதிச் சுற்றா, முழுச் சுற்றா? சென்டிமீட்டரா, இன்ச்சா? 1999-இல் நாசாவின் செவ்வாய்க் கோள் விண்கலம் ஒன்று இதே போன்ற ஒரு குழப்பத்தில்தான் அழிந்தது. ஒரு குழுவின் மென்பொருள் பவுண்டு அலகில் எண்களைக் கொடுத்தது, வாங்கியவர்கள் மெட்ரிக் என்று நினைத்துக் கணக்குப் போட்டார்கள்.

தேதியும் அப்படியே. ஷிப்மென்ட் 15ஆம் தேதி என்று சொல்லாதீர்கள். சரக்கு கம்பெனி வாசலைத் தாண்டும் தேதியா, தூத்துக்குடியில் ஒப்படைக்கும் தேதியா, கப்பல் கிளம்பும் தேதியா? பேக்கிங்காரர் ஒன்றை நினைப்பார், பையர் வேறொன்றை நினைப்பார், நடுவில் இருக்கும் நீங்கள்தான் விமானத்தில் அனுப்பும் செலவுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ‘அடுத்த வெள்ளி’ என்ற சொல்லை நான் விட்டே விட்டேன். சிலருக்கு அது வருகிற வெள்ளி, சிலருக்கு அதற்கு அடுத்தது.

மேலே இருப்பவரிடம் கெட்ட செய்தி சொல்லும்போது மெழுகாதீர்கள். இதில்தான் புதியவர்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். “கொஞ்சம் லேட் ஆகும் போலிருக்கு சார்” என்பது மரியாதையான வாக்கியம், ஆனால் அதைக் கேட்டவர் அரைநாள் என்று நினைத்துக்கொள்வார், நீங்கள் மனதில் வைத்திருப்பது நான்கு நாள். 1990 ஜனவரி 25 அன்று கொலம்பியாவிலிருந்து நியூயார்க் வந்த அவியாங்கா 52 விமானத்தை, மோசமான வானிலையால் நெடுநேரம் வானத்திலேயே சுற்ற வைத்தார்கள். எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. துணை விமானி முன்னுரிமை வேண்டும் என்று கேட்டார், எரிபொருள் தீர்கிறது என்றும் சொன்னார். ஆனால் எமர்ஜென்சி என்ற சொல்லைக் கட்டுப்பாட்டாளர்களிடம் சொல்லவேயில்லை. அந்தச் சொல் இல்லாததால் அவர்களுக்கு ஆபத்தின் அளவு எட்டவில்லை. விமானம் லாங் ஐலண்டில் விழுந்தது. இருந்த 158 பேரில் 73 பேர் போனார்கள். உங்கள் ஆபீஸில் உயிர் போகாது, ஆனால் பழக்கம் அதேதான். “சார், புதன்கிழமை முழு ஆர்டரும் முடியாது. புதனுக்கு 2000 பீஸ் தரலாம், மீதி சனிக்கிழமை மாலை. இன்னிக்கே பையர்கிட்ட சொல்லணும்” என்று எண்ணும் நாளும் வைத்துச் சொல்லுங்கள். திட்டு விழும். விழட்டும், புதன்கிழமை விழுவதைவிட இன்றைக்கு விழுவது மேல்.

வகுப்பில்: மாணவர் செய்து காட்டட்டும்

வகுப்பில் திருப்பிச் சொல்லச் சொல்வது பலிக்காது என்பதை நான் தாமதமாகத்தான் கண்டுகொண்டேன். நம் பிள்ளைகள் பன்னிரண்டு வருடம் மனப்பாடம் செய்து பழகியவர்கள், அட்சரம் பிசகாமல் ஒப்பிப்பார்கள்.

ஜிஎஸ்எம் பாடம் எடுத்தேன். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் எடை என்பதுதான் ஜிஎஸ்எம். வட்டக் கத்தியால் 100 சதுர சென்டிமீட்டர் துண்டு ஒன்றை வெட்டி எடை போட்டு நூறால் பெருக்க வேண்டும், 1.8 கிராம் வந்தால் 180 ஜிஎஸ்எம். எல்லோரும் சொன்னார்கள், கணக்கும் போட்டார்கள். அடுத்த வாரம் மேஜையில் இரண்டு துணியை வைத்தேன், ஒன்று கைக்குத் தடிமனாக, புசுபுசுவென்று இருந்தது, இன்னொன்று மெல்லியதாக, இறுக்கமாக. இரண்டும் ஒரே ஜிஎஸ்எம்தான். எதற்கு அதிகம் வரும் என்றேன். ஒருவர் பாக்கியில்லாமல் தடிமனைக் காட்டினார்கள். ஜிஎஸ்எம் என்றால் தடிமன் என்றே அவர்கள் மனதில் பதிந்திருந்தது, ஒரு வாரமாக எனக்கு அது தெரியாது. ஒரு மாணவி அந்தப் புசுபுசுத் துணியைத் தராசில் வைத்துவிட்டு எண்ணைப் பார்த்தார், துண்டை எடுத்துவிட்டு மறுபடி வைத்தார், தராசு கெட்டுவிட்டதோ என்று அடியில் தட்டிப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் பாடம் அங்கே தொடங்குகிறது என்று எனக்குப் பட்டது.

நமக்குத் தெரிந்த விஷயம், தெரியாதவருக்கு எப்படிக் கேட்கும் என்று நம்மால் நினைத்துப் பார்க்கவே முடியாது. 1990-இல் ஸ்டான்ஃபோர்டில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வு மாணவி ஒரு சோதனை செய்தார். எல்லோருக்கும் தெரிந்த பாட்டு ஒன்றின் தாளத்தை ஒருவர் மேஜையில் விரலால் தட்ட வேண்டும், எதிரில் இருப்பவர் அது என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். பாதிப் பேராவது கண்டுபிடிப்பார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். தட்டிய 120 பாட்டில் கண்டுபிடித்தது மூன்று. தட்டுகிறவரின் காதுக்குள் முழுப் பாட்டும் ஓடுகிறது, கேட்கிறவருக்கு டொக் டொக்தான். கரும்பலகை முன்னால் நிற்கும் ஒவ்வொரு நாளும் நாம் தட்டிக்கொண்டுதான் இருக்கிறோம்.

அதனால் செய்ய வேண்டியது என்ன? ‘டவுட் இருக்கா?’ என்று கேட்பதை நிறுத்துங்கள். தமிழ் வழியில் படித்து முதல் வருடம் கல்லூரிக்கு வந்த பிள்ளை, ஐம்பது பேர் முன்னால் எழுந்து எனக்குப் புரியவில்லை என்று சொல்லாது. அந்த வாக்கியத்தை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டுமோ என்ற பயமே வாயை அடைத்துவிடும். எந்த மொழியிலும் கேட்கலாம் என்று முதல் நாளே சொல்லுங்கள், நீங்களும் இரண்டிலும் பேசுங்கள். கேள்வி கேட்டால் காத்திருங்கள். அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ வகுப்பறைப் பதிவுகளை வைத்து அளந்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்விக்குப் பிறகு சராசரியாக ஒரு நொடி அளவுதான் பொறுத்தார்கள். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியதும் பதில்கள் நீண்டன, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று நொடி அமைதி உங்களுக்கு மூன்று நிமிடம் போல இருக்கும். மனதுக்குள் எண்ணுங்கள்.

வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது கால் தாள் கொடுத்து, பெயர் வேண்டாம், இன்றைக்குக் குழம்பிய இடத்தை ஒரு வரி எழுதுங்கள் என்று கேளுங்கள். முதல் இரண்டு வாரம் பெரும்பாலானவர்கள் ‘ஒன்றுமில்லை’ என்றுதான் எழுதுவார்கள். மற்றவர்கள் எழுதியவற்றை எடுத்து மறுநாள் யாரையும் குத்தாமல் பதில் சொல்லிப் பாருங்கள், மூன்றாவது வாரம் தாள் நிறையும்.

கல்யாணத்தில்: நீங்கள் திருப்பிச் சொல்லுங்கள்

இங்கே மட்டும் எல்லாம் தலைகீழ். ஆபீஸ் பழக்கத்தில் வீட்டுக்கு வந்து, நான் என்ன சொன்னேன் சொல்லு பார்க்கலாம் என்று கேட்டால் அது போலீஸ் விசாரணை. வீட்டில் திருப்பிச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

கல்யாணமான மூன்றாவது மாதம். “ஏங்க, ஞாயித்துக்கிழமை அம்மா வீட்டுக்குப் போலாமா?” என்று மனைவி கேட்டார். “பார்க்கலாம்” என்றேன். எங்கள் வீட்டில் அப்பா பார்க்கலாம் என்றால் இல்லை என்று அர்த்தம், நாங்கள் யாரும் மறுபடி கேட்டதில்லை. அவர் வீட்டில் பார்க்கலாம் என்றால் போகிறோம், நேரம்தான் முடிவாகவில்லை என்று அர்த்தம். ஞாயிறு காலை நான் கம்பெனிக்குக் கிளம்பிவிட்டேன். பதினொரு மணிக்கு என் மாமியாரிடமிருந்து போன். “கிளம்பிட்டீங்களா மாப்ள? கறி எடுத்தாச்சு, பணியாரத்துக்கு ஆட்டி வெச்சிருக்கேன்.” சாயங்காலம் வீட்டுக்கு வந்து என்ன கோபம் என்று கேட்டால், “ஒண்ணுமில்ல.” இரண்டு நாள் ஒண்ணுமில்லதான்.

புதிதாகக் கல்யாணமானவர்களுக்கு நான் சொல்லும் முதல் வேலை இது. உங்கள் இரண்டு வீட்டுச் சொற்களையும் எடுத்து வைத்துப் பேசுங்கள். பார்க்கலாம், யோசிப்போம், உங்க இஷ்டம், ஒண்ணுமில்ல, அப்புறம் பேசலாம். உங்க வீட்டில் இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் சிரிப்பும் வரும், நிறைய தெரியவும் வரும். ‘எங்க வீடு’ என்ற சொல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழில் நாம் என்றால் கேட்பவரும் உண்டு, நாங்கள் என்றால் கேட்பவர் வெளியே. வந்து இரண்டு மாதமான மருமகள் “எங்க வீட்டுல ரசத்துக்கு இதைப் போட மாட்டோம்” என்று பழக்கத்தில் சொல்வார். மாமியாருக்கு ரசம் காதில் விழாது, ‘எங்க’ தான் விழும். அதேபோல “எங்க குடும்பத்துல இப்படித்தான்” என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னால் அந்தப் பெண் எங்கே நிற்பாள்? நம்ம என்று ஒரு சொல்லை மாற்றிச் சொல்லிப் பழக எல்லோருக்கும் நாள் பிடிக்கும், பொறுமையாக இருங்கள்.

இரண்டாவது, தபால்காரராக இருக்காதீர்கள். ‘அம்மா சொன்னாங்க’ என்று மனைவியிடம், ‘அவ சொன்னா’ என்று அம்மாவிடம் கொண்டுபோகும் ஒவ்வொரு வரியும் வழியில் குரலை இழந்துவிடும். சிரித்துக்கொண்டு சொன்னது உங்கள் வாயில் குற்றச்சாட்டாகும். அவரவர் நேரில் பேசட்டும், நீங்கள் உங்கள் கருத்தை மட்டும் சொல்லுங்கள்.

மூன்றாவதுதான் கஷ்டமானது. உங்கள் துணை ஒரு குறையைச் சொல்லும்போது உடனே வழி சொல்லாமல், கேட்டதை உங்கள் வாயால் சொல்லிப் பாருங்கள். “நான் ஞாயித்துக்கிழமை வேலைக்குப் போனது பெரிசில்ல, உங்க அம்மா முன்னாடி உன் வார்த்தை பொய்யாப் போச்சு, அதுதானே?” சரியாக இருந்தால் முகத்திலேயே தெரியும். தப்பாக இருந்தால் அவரே திருத்துவார், அந்தத் திருத்தத்துக்காகத்தான் சொல்கிறோம். குரல் ஏறிவிட்டால் அப்போதைக்கு நிறுத்துங்கள். தம்பதிகளின் பேச்சைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன், இதயம் படபடவென்று அடித்துக்கொள்ளும்போது கேட்கும் திறனே போய்விடும், குறைந்தது இருபது நிமிடம் விலகியிருந்து திரும்ப வரவேண்டும் என்கிறார். ஆனால் எழுந்து போகும்போது எப்போது வருவேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள். சொல்லாமல் மாடிக்குப் போவது இன்னொரு ‘ஒண்ணுமில்ல’.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. கை நீட்டுவது, வரதட்சணை கேட்பது, பிறந்த வீட்டோடு பேசவிடாமல் தடுப்பது, இதெல்லாம் புரிதல் கோளாறு கிடையாது. சரியாகப் பேசினால் தீர்ந்துவிடும் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். தமிழ்நாட்டில் பெண்களுக்கான உதவி எண் 181, எந்த நேரமும் கூப்பிடலாம்.

எங்கள் வீட்டில் ‘பார்க்கலாம்’ இன்னும் போகவில்லை, இரண்டு பேருமே சொல்கிறோம். சொன்னதும் மற்றவர் கேட்பது ஒரே கேள்வி, “எப்ப சொல்வீங்க?” வியாழக்கிழமை ராத்திரி என்று பதில் வந்தால், சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் தொங்கும் மாதக் காலண்டரில் வியாழன் கட்டத்துக்குள் பென்சிலால் எழுதி வைக்கிறோம். இந்த மாதம் அதில் மூன்று இருக்கிறது. ஒன்று பணியாரத்துக்கு.